சரளையில் ஒன்று

ஸ்வகோப்முண்டில் சனிக்கிழமைதோறும்
கல்யாணம் எடுக்கிறேன்.
தாடையைக் கொஞ்சம் இறக்குங்கள்,
மாப்பிள்ளை, அந்தக் கையை என்ன செய்கிறீர்கள்,
சிரியுங்கள் என்பேன். சிரிப்பார்கள்.
ஞாயிறு விடிந்தால்
என் பேச்சு எடுபடாத இடத்துக்குப் போகிறேன்.

உப்பளம் தாண்டிச் சரளை வெளி.
பத்து மணி வரைக்கும் மூடுபனி.
அதற்குள் எங்கோ
பூநாரைகள் சேற்றைக் குழப்பும் ஓசை.
எச்ச மேடையின் நீர்க்காகங்கள்
நாற்றமாக மட்டும் வந்து சேரும்.
லென்சைத் துடைத்த துணியை
மடிப்பதற்குள் மறுபடி வெள்ளை.

எனக்கு முன்பே தௌசப் வந்திருப்பார்
கயிறும் மரமுளைகளுமாக.
"குள்ளநரிக்குக் கயிறு தெரியாது,
ஜீப்புக்குத் தெரியும், அதுவும் சில நாள்"
என்று முளையை அறைவார்.
தரையில் ஒரு சக்கரத் தடம் காட்டினார்.
அவர் பிறப்பதற்கு முன் போன லாரியாம்.
மழை இல்லாத ஊரில்
மண்ணுக்கு மறதி கிடையாது.

டமாரா ஆலா.
பொத்திய கைக்குள் அடங்கும்.
கறுப்புத் தொப்பியைக்
கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டதுபோல்.
மூன்று ஞாயிறாக அதன் ஒரு படத்துக்கு
நான்தான் ஆலாய்ப் பறந்தேன்.
அது பறக்கவே இல்லை.
சின்ன மேட்டில் நின்று
ஊசி நீளத்தில் ஒரு மீனைக்
குறுக்கே கவ்வியபடி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது,
விழுங்காமல்,
யாருக்கும் கொடுக்காமல்.

நிற்கத் தெரிந்த பறவை என்று மெச்சினேன்.
நாற்பத்தாறு படம்.
தாடையை இறக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரவு, திரையில் பெரிதாக்கினேன்.
இறகு இறகாக வந்திருந்தது.
மீனின் கண்கூட.
கீழே, ஓரத்தில்,
வெட்டிவிடலாம் என்று நினைத்த பகுதியில்
என் காலணித் தடம்.
வெளிச்சம் பார்க்க முன்னால் போய்த் திரும்பியது.
குதிகால் பள்ளத்தில் ஒரு கூழாங்கல்.
கூழாங்கல்லுக்கு
இமை இருந்தது.

காற்றுக்கு ஒதுங்கி
அங்கே வந்து படுத்திருக்க வேண்டும்,
நான் மிதித்துப் போன பிறகு.
முதல் படத்திலேயே இருக்கிறது.
பிறகுதான் வந்திருக்க வேண்டும்.
ஒவ்வொரு படமாக மறுபடி பார்த்தேன்.
நாற்பத்தாறிலும் அசையவில்லை.
நாற்பத்தாறிலும் மேட்டின் மேல்
ஆறாத பசியை வாயில் வைத்துக்கொண்டு
நான் போவதற்காக
ஒருத்தி நின்றிருந்தாள்.

தௌசப்பிடம் காட்டினேன்.
திட்டவில்லை.
நோட்டை எடுத்து, குஞ்சு ஒன்று என்று எழுதினார்.
பிறகு என் காலணியைப் பார்த்து
"எந்த நம்பர்?" என்றார்.
அதையும் எழுதினாரா, தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு
கயிறு அறுபது அடி
சாலைப் பக்கம் நகர்ந்திருந்தது.
அங்கிருந்து ஆலா ஒரு புள்ளி.
புள்ளியை எடுத்தேன்.
புள்ளி குனிந்தது.
நிமிர்ந்தபோது அலகு
காலியாக இருந்தது என்று நினைக்கிறேன்.
அவ்வளவு தூரத்திலிருந்து
சொல்ல முடியாது.