மீதிச் சில்லறை

ஐம்பது ரூபாய் நோட்டுக்கு மீதி இல்லையென்று
மோமோ விற்கிறவன் கையை விரித்த சாயங்காலம்
அவன் வண்டிக்கடியிலிருந்து எழுந்து
என் பின்னாலேயே வந்துவிட்டது.
"பாக்கிக்கு நாயைக் குடுத்தானா?"
அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
சில்லறை என்றே கூப்பிட்டோம்.

ஜங்புராவுக்குப் பின்னால், சாக்கடை ஓரம், எங்கள் சந்தில்
அதன் காதில் விழுந்ததெல்லாம் தமிழ்தான்:
தள்ளிப் படு, எட்டப் போ, இந்தா,
சனியனே, தின்னியா.
அடுத்த சந்துக்காரர்கள் "ஹட் ஹட்" என்று விரட்டினால்
விலாசம் கேட்கிறார்கள் என்பதுபோல
பொறுமையாக நிற்கும்.

ஆடி ஒன்பதாம் நாள் இடித்தார்கள்.
பீரோ, கேஸ் சிலிண்டர், சங்கவியின் சைக்கிள்
எல்லாம் டெம்போவில் ஏறின.
"இது லிஸ்ட்டில் இருக்கா?" என்றான் டிரைவர், நாயைக் காட்டி.
லிஸ்ட்டில் என் மாமியார் பெயரே இல்லை.
தெருமுனை தாண்டியும் ஓடி வந்தது.
மேம்பாலத்தில் ஏறும்போது
சங்கவி கண்ணை மூடிக்கொண்டாள், நான் மூடவில்லை.
அதனால் எனக்குத் தெரியும்,
அது எந்த இடத்தில் நின்றது என்று.

நரேலாவில் நாலாவது மாடி கிடைத்தது.
வேலை மட்டும் பழைய இடத்திலேயே.
விடியுமுன் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்து
பாத்திரம் தேய்க்கும் நாலு வீட்டுக்கும் நடுவே
"சில்லறை, சில்லறை" என்று தேடினேன்.
மார்க்கெட்டில் ஒரு தமிழ் ஆள்
சட்டைப்பையைத் துழாவி, எவ்வளவுக்கு வேணும் என்றார்.
நல்ல மனுஷன்.

மார்கழி வந்தது.
நீட்டிய கை தெரியாத பனி.
இஸ்திரி மேசைக்கடியில், கொட்டிய கரிச் சாம்பலில்,
கோணிச் சட்டை போட்ட ஏழு நாய்கள்
ஒரே நாயாகக் கிடந்தன.
எல்லாம் சாம்பல் நிறம்.
ஏழுக்கும் காதில் கார்ப்பரேஷன் வெட்டு.
அன்று நான் கூப்பிடக்கூட இல்லை.
பையின் காது அறுந்து வெங்காயம் உருண்டது.
"சனியனே" என்றேன், பையைத்தான்.

ஒரு காது எழுந்தது.

ஓடி வரவில்லை.
பின்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து வந்து
என் செருப்பை, அதிலிருந்த நரேலா மண்ணை,
வெகுநேரம் மோந்தது.
பிறகு ஒரு குரல் எடுத்தது பாருங்கள்,
குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை,
என் மாமியார்கூட என்னை அப்படித் திட்டியதில்லை.
நின்று முழுக்கக் கேட்டுக்கொண்டேன்.

"ஷேரு" என்றான் இஸ்திரிக்கார கிர்தாரி.
அதற்கும் திரும்பியது.
பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, உங்களுதா என்று கேட்டான்.
எங்களுது என்பதா, நம்மளுது என்பதா?
நல்லவேளை, இந்தியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
"ஹமாரா" என்றேன்.
தனக்கு எது வேண்டுமோ அதைக் கேட்டுக்கொண்டு
அவன் அடுத்த சட்டையை விரித்தான்.
சில்லறை மேசைக்கடியில் போய்ப் படுத்தது.
சூடு அங்கேதான் இருந்தது.

ராத்திரி நாலு மாடி ஏறிக் கதவைத் தட்டினேன்.
சங்கவி என் சால்வையைப் பிடித்து மோந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மூன்று நாளாக அதைத் துவைக்க விடமாட்டேன் என்கிறாள்.