முரண் பிரதி

மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் என் களம்.
அந்தப் பக்கம், கொல்லங்கோட்டுச் சாலையில், ரம்லத்தின் குடோன்.
காய் லாரி போக
எடைச்சீட்டு, வரிச்சீட்டு,
டிரைவர் சட்டைப்பையில் தனியாக மடித்த ஒரு நூறு.
கூலிக் கணக்கு போக
ஒன்றும் வேண்டியதில்லை.

அவள் தம்பி மகன் அன்வர்தீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து
இரண்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டுப் போனான்.
எவ்வளவு என்றேன். காசில்லை என்றான்.
அப்புறம் யாருடையது?
எழுதினவர்கள் எழுதினதைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்,
வேண்டுமானால் படித்துப் பாருங்கள் என்றான்.
பார்த்தேன். ஒரு வரி புரியவில்லை.
ஆனாலும் மூடி வைக்காத கணக்கின் மேல்
எனக்கொரு நம்பிக்கை உண்டு.

முதல் நாள் இரண்டு மெஷினும்
முகம் பார்க்காத சம்பந்திகள் மாதிரி
நீள நீளமான எழுத்து வரிசைகளை மாற்றிக்கொண்டன.
அவள் பக்கம் சம்மதம் என்று அழுத்தணும்.
என் பக்கமும் அழுத்தணும்.
நடுவில் தரகர் கிடையாது.
இருபத்திரண்டு வருஷம் தேங்காய் ஏவாரம் பண்ணினவனுக்கு
இதை நம்பத்தான் நாலு நாள் ஆயிற்று.

இங்கே நான் 'உரிப்பு 1,200' என்று அடித்தால்
அவள் டீயை ஆற்றி முடிக்குமுன்
அங்கே 1,200.
அவள் என் பிழையைத் திருத்தினால்
என் திரையில் கொப்பறையின் றகரம்
தானாக ரகரம் ஆகும்.

ஆடி பதினாறு.
ரோட்டை அகலப்படுத்த வந்த ஜேசிபி
கேபிளை வாரிக்கொண்டு போனது.
அன்றைக்குத்தான் மாகாளி மரத்திலிருந்து விழுந்தான்.
இடுப்பு.
பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பதாயிரம் கட்டினோம்,
ஆளுக்குப் பாதி.

ராத்திரி எட்டேகாலுக்கு, லைன் இல்லாத கம்ப்யூட்டரில்,
அவள் எழுதினாள்:
மாகாளி, வைத்தியம், 9,000. பிடிக்க வேண்டாம்.

ஒன்பது நாற்பதுக்கு, லைன் இல்லாத இன்னொன்றில்,
நான் எழுதினேன்:
மாகாளி, முன்பணம், 9,000. வாரம் 300 பிடிக்க.

இரண்டு நாள் கழித்து லைன் வந்தது.
எது நியாயம் என்று மெஷின் கேட்கவில்லை,
கேட்க அதற்குத் தெரியாது.
பிந்தி எழுதியது நான்,
அதனால் 'கூலி' என்ற பேர் எனக்கே நின்றது.
அவளுடையதை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்து
பேருக்குப் பின்னால் ஒரு வால் கட்டியிருந்தது:
முரண், தேதி, எட்டு மணி, பதினைந்து நிமிஷம்.

அந்த வாலைப் படித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
களத்தில் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது.
காக்காய் விரட்ட ஆள் இல்லை.
வாரம் முன்னூறு என்றால் மாசி வரைக்கும் போகும்,
இடுப்பு ஒட்டி
அவன் மறுபடி ஏறினால்.

என்னுடையதை அழித்தேன்.
அவளுடையதன் வாலை நறுக்கி 'கூலி' என்று பேர் வைத்தேன்.

மத்தியானம் போன் பண்ணினாள்.
"பொள்ளாச்சில காய் என்ன வெல?"
சொன்னேன்.
"லைன் வந்துருச்சு போல."
வந்துருச்சு என்றேன்.
அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை,
லோடு எப்போது என்பதைத் தவிர.

அன்வர்தீன் வைத்துவிட்டுப் போன ஒரு ஏற்பாடு இருக்கிறது.
அழிந்ததைப் பழைய பிரதிகள் என்ற உறையில் போட்டு
முப்பது நாள் வைத்திருக்கும்.
நாமே அழித்ததை நம்மிடம் வைக்காதாம்,
அடுத்த ஆள் அழித்ததைத்தான் வைக்கும்.
அதாவது என் 'வாரம் 300 பிடிக்க'
இங்கே எங்கு தேடினாலும் கிடைக்காது.
எல்லைக்கு அந்தப் பக்கம்,
ரம்லத்தின் குடோனில்,
ஆவணி பதினேழு வரைக்கும் இருக்கும்.