தொண்ணூறில் வருவது

எண்பத்தெட்டு வரை ஒன்றுமில்லை.
சாஸ்கட்செவான் சாலை அளவுகோல் போல நேராகக் கிடக்கும்.
தொண்ணூறில், ஏதாவதொரு பாலத்தின் இணைப்பில் தட்டியதும்
ஸ்டியரிங் கையை உதறும்,
டேஷ்போர்டில் வைத்த காபி மடியில்.

டயர் என்றார்கள்.
நான்கையும் கழற்றி பேலன்ஸ் பார்த்தாள் ஹால்யா.
டேம்பர் என்றார்கள்.
புதிது போட்டாள்; மூன்று வாரம் அடங்கியிருந்தது,
மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்குகிற மாதிரி.

இன்று ஓரெஸ்ட்டை உள்ளே உட்காரவைத்து
ஜாக் வேண்டாம், பாரம் சக்கரத்திலேயே நிற்கட்டும்,
எஞ்சினை ஓடவிட்டு இடம் வலம் மெல்ல ஆட்டு என்றாள்.
பனிமேல் அட்டை விரித்து அடியில் நுழைந்தாள்.

டை ராடு. விரல் வைத்தாள். இல்லை.
பால் ஜாயின்ட். இல்லை.
டிராக் பார் முனையில் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள்.

டக்.

போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது.
அதைச் சுற்றிய துளைதான்
நாற்பத்தைந்து குளிர்காலத்தில்
வட்டம் மறந்து முட்டையாகியிருந்தது.
ஒரு நூல் இடைவெளி. அரை நூல்கூட இருக்கலாம்.
இதற்கா அத்தனை ஆட்டம்.

"அகப்பட்டதா?" மேலேயிருந்து ஓரெஸ்ட்.
எண்ணெய் சொட்டு கன்னத்தில் விழ,
விரலை எடுக்காமல்
"இன்னும் ஒரு தடவை ஆட்டு" என்றாள்,
தெரிந்த பிறகும்.