அரைப் புள்ளி

அங்கே மதியம் இரண்டரை.
இங்கே சுக்டிடியில் இரவு பத்தரை,
நான் மாவில் கை வைக்கும் நேரம்.
எட்டுப் பெண்கள் நான்கு மேசைகளில்
கைகுலுக்கி உட்காருகிறார்கள்.
உப்பு டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசியில்
மக்வாலாவின் நெற்றி மட்டும் தெரிகிறது.

பதினான்காம் சுற்று. கடைசி.
முன்னால் நிற்பவளுக்கும் இவளுக்கும்
அரைப் புள்ளி இடைவெளி.

ஜும்பர் அடுப்பின் வாய்க்குள் இடுப்புவரை குனிந்து
சூட்டுச் சுவரில் ரொட்டியை அறைந்துவிட்டு நிமிர்கிறான்.
'சாம்பியனோடு மோத ஒருத்தி வேண்டும், அவ்வளவுதானே?
இருப்பதில் கெட்டிக்காரியைக் கூப்பிட்டால் ஆயிற்று.
எதற்கு இத்தனை நாள் கூத்து?'

சல்லடையைத் தூக்கிக் காட்டினேன்.
முதலில் ஊர்,
பிறகு நாடு,
பிறகு மண்டலம்,
பிறகு தோற்றால் அன்றிரவே பெட்டி கட்ட வேண்டிய
பெரிய கோப்பை.
அதிலும் விழாமல் விழுந்தவர்கள் எட்டுப் பேர்.
அந்த எட்டும் இரண்டிரண்டு முறை மோதி
ஒருத்தி.

'சல்லடையில் தங்குவது தவிடுதானே?' என்றான் ஜும்பர்.
வேடிக்கைக்குத்தான் சொன்னான்.
தங்கியது யாரென்று அவனுக்குத் தெரியாது.

பன்னிரண்டு வருடம் முன்பு, குத்தாய்சியில்
ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம்.
தலைக்கு மேல் வலை கிழிந்த கூடைப்பந்து வளையம்.
மண்டலப் போட்டியின் கடைசி ஆட்டம், எதிரே மக்வாலா.
அவளுக்குச் சமன் போதும், மேலே போய்விடுவாள்.
எனக்கு வெற்றி வேண்டும்.
என் குதிரை நடுப்பலகையில் காலூன்றி நின்றது,
அவள் ராஜாவுக்குப் போக்கிடமில்லை.

மணி ஐந்தே முக்கால்.
ஆறு மணிக்கு எங்கள் ஊருக்குக் கடைசி மினிபஸ்.
பையில் டிக்கெட்டுக்குக் காசு இருந்தது,
அறை எடுக்க இல்லை.
'சமன்?'
கேட்டது நான்தான்.
அவள் பலகையைப் பார்த்தாள்,
என் முகத்தைப் பார்த்தாள்,
மறுபடி பலகையை.
கை நீட்டினாள்.

மினிபஸ் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

கல்யாணச் சீரில் சதுரங்கப் பலகை வைத்த நாடு என்று
எங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள்.
எனக்கு வந்த சீர் இந்தக் கடையும்
இதன் கடன் நோட்டும்.

மூன்று மணிக்கு முன்னணிக்காரி சமன் செய்துவிட்டு
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துபோனாள்.
இனி எல்லாம் மக்வாலா கையில்:
ஒரு யானை, ஒரு சிப்பாய்,
எதிரே ஒரு யானை.
சமன், சமன் என்று எந்திரம் எப்போதோ எழுதிவிட்டது.
அவள் எந்திரத்தைப் பார்க்க முடியாதவள்.
பார்த்திருந்தாலும் நிறுத்தமாட்டாள்.
சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள்.
யானையைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.
எழுபது, எண்பது, நூற்றுப் பதினொன்று.
இரண்டு தட்டு ரொட்டியை ஜும்பர் கரியவிட்டான்.

கடைசியில் பலகையில் ராஜாக்கள் மட்டும்.
அரைப் புள்ளி அங்கேயே நின்றது.
சாம்பியனின் எதிரில் உட்காரப் போவது வேறொருத்தி.
இரண்டாம் இடத்துக்குப் பூங்கொத்து,
இரண்டு வருடம் கழித்து மறுபடி சல்லடை.

ஒன்றை மறைக்கக் கூடாது.
அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம்
எட்டிப் பார்த்தது.
அதைப் பிசைகிற மாவுக்குள் வைத்து அழுத்தினேன்.
இந்நேரம் அது எந்த ரொட்டியில் வெந்ததோ.

ஐந்து மணிக்குக் கைபேசி அதிர்ந்தது.
பன்னிரண்டு வருடத்தில் முதல் செய்தி.
'உன் கடை இந்நேரம் திறந்திருக்கும் என்று தெரியும்.
குத்தாய்சியில் அந்தக் குதிரை.
நான் தோற்றிருப்பேன். ஏன் நிறுத்தினாய்?'

மாவு தூவிய பலகையில் விரலால் கோடு கிழித்தேன்.
உருண்டையாக ராஜா, நீளமாக யானை,
குதிரைக்கு ஒரு உலர்ந்த திராட்சை.
ஐந்து நகர்த்தல்வரை தெளிவாக இருந்தது.
ஆறாவதில் அவளுக்கு ஒரு வழி இருந்ததுபோல் பட்டது.
இல்லாததுபோலவும்.

ஜன்னல் தட்டும் சத்தம். முதல் ஆள்,
தண்ணீர் ஆபீஸ் காவலாளி வாழா.
'நம்ம பெண் என்ன ஆனாள்?' என்றார்.

'எத்தனை ரொட்டி?' என்றேன்.