ஐந்தாவது கார்பன்

டர்பன். இரவு ஒன்றரை மணி.
பம்பு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.

தெற்கே செசேலா ஆலையில்
கரும்புச் சக்கையை நீராவியில் அவித்து இறக்கும் எண்ணெய் இது.
பெயர் ஃபர்ஃபுரல்.
மூடி திறந்தால் வாதுமை மணம், கொஞ்சம் அடிப்பிடித்த பாகு.
கையுறை போட்டும் பயனில்லை,
வீட்டுக்குப் போய்த் தூக்கினால்
"கேக்" என்கிறான் பிள்ளை.

கரும்பு என்றதும் கப்பலேறி வந்தவர் கதை கேட்பார்கள்.
இந்தக் கலத்துக்குள் கதை நிற்காது.
கனம் நிற்கும்.

துளியை ஆர்கானில் கலந்து
ஊசித்துளை வழியே வெற்றிடத்தில் ஊதுகிறோம்.
குளிர்ந்து, நடுக்கமெல்லாம் அடங்கி,
சுழல்வது ஒன்றுதான் அதற்கு மிச்சம்.
மைக்ரோவேவால் ஒரு தட்டு.
சுற்றிக்கொண்டே ஒரு கணம் முனகும்.
முனகும் சுதியை வைத்து
எடை எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று
கணக்குப் போடவேண்டியது நாங்கள்.

கார்பன் ஐந்து.
நூற்றில் ஒன்று
ஒரு நியூட்ரான் கூடுதலாகச் சுமந்து பிறக்கும்.
குடைராட்டினத்தில் ஒரு பையன் மட்டும்
மடியில் கல் வைத்திருந்தால்
ராட்டினம் இழையளவு தயங்காதா?
அந்தத் தயக்கம் காட்டிக்கொடுக்கும்
அவன் நடுவிலிருந்து எத்தனை தள்ளி இருந்தான் என்று.
தூரத்தை மட்டும். இடமா வலமா
என்பதை அது சொல்லாது,
ஊகித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு பையன்களைப் பிடித்துவிட்டோம்.
ஐந்தாமவன் இரைச்சலுக்குள்.
ஆறு லட்சம் முறை கேட்டுக் கூட்டியாயிற்று,
இன்னும் நான்கு லட்சம் என்றான் மோண்ட்லி.

சொல்லி வாய் மூடவில்லை, மின்சாரம் போயிற்று.
அட்டவணையில் நான்கு மணி என்று போட்டிருந்தார்கள்.
பம்பு இறங்கி இறங்கி
நின்றது.
சன்னலுக்கு வெளியே ஊரே இல்லை.
துறைமுகத்துக்கு இடம் கிடைக்காமல்
கடலில் நங்கூரமிட்ட கப்பல்களில் மட்டும் விளக்கு,
இடைவெளி விட்டு, இடைவெளி விட்டு.
மோண்ட்லி எண்ணினான். நான் எண்ணவில்லை.

மடிக்கணினியில் பதினெட்டு சதவீதம்.
சேமித்தவரை வரைந்து பார்த்தோம்.
இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு மேடு. எறும்புப் புற்று உயரம்.
இதுதான் என்கிறான்.
பக்கத்திலும் அதே உயரத்தில் இரைச்சல் என்கிறேன்.
மூன்று கோடு பொருந்தினால் நம்புவேன்,
கையில் இருப்பது ஒன்றரை.

விடிந்து கரண்ட் வரும்.
கலத்தைக் காலியாக்கவே இரண்டு மணி நேரம்.
பிறகு ஒன்றிலிருந்து.

கைபேசி வெளிச்சத்தில் நோட்டில் எழுதினேன்:
ஐந்தாவது. கேள்விக்குறி.

கேள்விக்குறியை மட்டும்
பென்சிலில் போடு என்றான்.