ஐந்தாம் பக்கம்

கொருக்குப்பேட்டை கேட்டு போட்டிருந்த நேரம்.
கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது.
சலோமி அக்கா கடைக்குள் ஏறி
போனை என் கையில் வைத்தாள்.
"ஏழு போட்டோ கீது. ஒண்ணா ஆக்கணுமாம்."

நஷ்டஈட்டுப் படிவம் அப்படித்தான் சொல்கிறது:
தனித்தனிப் படங்கள் ஏற்கப்படமாட்டா,
ஒரே பி.டி.எஃப்.,
ஐந்நூறு கேபிக்கு மிகாமல்,
எல்லாப் பக்கமும் நேராக.

ஆதார், முன்னும் பின்னும்.
ரேஷன் கார்டின் மேல் அவள் கட்டைவிரல்,
வெட்டினேன்.
யார்டு பாஸைப் பாயில் வைத்து எடுத்திருக்கிறாள்,
பாயோரம் யாருடையதோ குதிகால்.
இரண்டையும் வெட்டினேன்.
பாஸ்புக்குக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, பாதி இட்லி,
அதையும்.
எக்ஸ்ரேவை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்ததில்
முதுகெலும்பின் நடுவே
குறுக்காக ஒரு வெள்ளைக்கோடு எரிந்தது.
அதை எங்கே வெட்டுவது?
விட்டுவிட்டேன்.

ஐந்தாவதைக் கடைசியில்தான் திறந்தேன்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டு.
போனைச் சாய்த்துப் பிடித்தாளோ என்னவோ
படம் பக்கவாட்டில் எழுந்துவிட்டது.
ஈசாக்கு அண்ணன் நிற்கிறார்.
போன வருஷம் ரீசார்ஜ் போட வந்து நின்றது போலவே
ஒரு தோளை இறக்கிக்கொண்டு.
கட்டில் அவருக்குப் பின்னால் சுவர்.
போர்வை, லுங்கி.
மேலிருந்து இறங்க வேண்டிய ட்ரிப்ஸ் டியூப்
பக்கத்திலிருந்து நீண்டு வந்து
கையைப் பிடித்திருக்கிறது.

சுழற்றப் போனேன்.
"இரு" என்றாள்.
திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள்.
"நின்னுக்கினு கீறா மேரியே கீதுல்ல?"

நேரா இருக்கணும்க்கா,
இல்லன்னா தள்ளிடுவாங்க.

"இது நேரு இல்லாம இன்னாவாம்."

எண்ணூற்றுப் பன்னிரண்டு கேபி.
அமுக்கினேன், அறுநூற்று நாற்பது.
இன்னும் அமுக்கியதில்
யார்டு பாஸில் முகம் கரைந்து
மீசை மட்டும் மிஞ்சியது.
நானூற்றுத் தொண்ணூற்றொன்று.

கோப்புக்குப் பெயர் கேட்டது.
எல்லோருக்கும் ஸ்கேன் ஒன்று, ஸ்கேன் இரண்டு என்று போடுகிறவன்
ஈசாக்கு என்று அடித்தேன்.

அறுபது சதவீதத்தில் நின்று சுற்றியது.
வெளியே கடைசி டேங்கர் தாண்டி
கேட்டு தூக்க
அத்தனை ஆட்டோவும் ஒரே நேரத்தில் ஹாரன்.
முப்பது ரூபாய் என்றேன்.
மூன்று பத்து ரூபாய்க் காசு,
உள்ளங்கைச் சூட்டோடு.

பார்க்கிற அதிகாரி யாரோ,
ஐந்தாம் பக்கம் வரும்போது
கழுத்தைச் சாய்த்துக்கொள்ளட்டும்.
வலிக்கும்தான்.
கொஞ்சம்.