வெறும் நீரின் கோடு

கிராண்ட்பாஸிலிருந்து இரண்டு பஸ் மாறி
மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்
ரப்பர் பட்டி போட்ட பொலித்தீன் பையை.
உள்ளே நான்கு குள்ளக் குராமி.
மூன்று மிதக்கின்றன.
ஒன்று இன்னும்
மூலையில் தலை சாய்த்து
எதையோ கணக்குப் பார்க்கிறது.

"தண்ணி மாத்தின மிஸ், உப்புப் போட்ட,
மஞ்ச மருந்து, நீல மருந்து, ஒண்டும் விடல்ல.
சிங்கப்பூர்ச் சாமான். வந்து பதினொரு நாள்."
நிலாம்தீன் நானா சொல்லச் சொல்ல எழுதினேன்:
நிறம் கறுத்தல். தீன் மறுத்தல். வயிறு வீக்கம்.
எந்த நோய்க்கும் பொருந்தும்.

வைரசைத் தேடுவது
முதலில் மற்ற எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவது.
அமோனியா இல்லை.
செவுளில் ஒட்டுண்ணி ஒன்றிரண்டு,
இத்தனை சாவுக்கு அது காணாது.
அகார் தட்டில் இரண்டு நாளாக எதுவும் முளைக்கவில்லை.

மிதப்பவை உதவா.
சூட்டில் அழுகிய சதை பொய் சொல்லும்.
உயிரோடிருப்பதுதான் நல்ல சாட்சி.
ஆகவே முதல் நாளே
கராம்பு எண்ணெய், சில துளி.
மேசையெல்லாம் பல் வைத்தியரின் வாசம்.
கணக்கு முடியுமுன்னே அது சாய்ந்தது.

எள்ளளவு இருக்கவேண்டிய மண்ணீரல்
உளுந்தளவு.
நுணுக்குக்காட்டியின் கீழ் ஊதிப்போன கலங்கள்,
நீலம் ஏறி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு.
வைரஸ் அதில் தெரியாது.
அது வாடகைக்கு வந்து
இடித்துப் பெருப்பித்த வீடு மட்டும் தெரியும்.

பிறகு பீசீஆர்.
சூடு, குளிர், சூடு, குளிர், முப்பத்தைந்து தரம்.
இருபதாவதில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழும்பும்வரை
இரேஷாவும் நானும்
மூச்சுவிடாமல் நின்றோம்.

இருட்டறை. ஊதா விளக்கு.
மாதிரியின் குழிக்கு நேரே செம்மஞ்சள் கோடு.
பக்கத்தில்
வெறும் தண்ணீர் மட்டும் விட்ட குழிக்கு நேரேயும்
அதே கோடு,
கொஞ்சம் மங்கலாய்.

எதுவும் இல்லாத இடத்தில் இருக்கிறது என்றால்
இருக்கிற இடத்தில் இருப்பதை
எப்படி நம்ப?
என் கையுறையோ, பிப்பெட்டோ, நானோ.

நாலு நாற்பதுக்கு அவர் எடுத்தார்.
"பொறுங்கோ, இன்னும் ஒண்டும் சொல்லேலாது" என்றேன்.
கொஞ்ச நேரம் வெறும் தெருச் சத்தம்,
ஓட்டோ ஹோர்ன்,
காற்றுக் குமிழ்விடும் மோட்டர்களின் முணுமுணுப்பு.
"வெளங்குது மிஸ்" என்று வைத்தார்.

அவருக்கு என்ன விளங்கியது என்பது
மறுநாள்தான் எனக்கு விளங்கியது.
இரவோடிரவாக இருபத்தாறு தொட்டிக்கும்
குளோரின் கொட்டியிருக்கிறார்.
கப்பி, தேவதை மீன், வரிக் குராமி,
கடைப் பெடியன் பெயர் வைத்துக் கூப்பிடும்
ஒற்றைக்கண் ஒஸ்கார்.
அவன் அன்று வேலைக்கு வரவில்லையாம்.

புதிய தண்ணீர், புதிய முனைகள்,
கலப்பதற்கு வேறு அறை,
கரண்ட் போகாத ஒரு காலை.
திரும்பவும் இருட்டு.
தண்ணீரின் வரிசை கறுப்பாகவே இருந்தது.
மாதிரியின் வரிசையில் கோடு,
நேராய், தடிப்பாய்.

சந்தோஷப்பட்டேன்.
மீனுக்கு மருந்தில்லாத ஒரு நோய்
உறுதியானதற்காக
கொழும்பில் அந்தக் காலையில் ஒருத்தி
சுவரில் சாய்ந்து சிரித்தாள்.
அறிக்கையில் அதற்கு நிரல் இல்லை.

"அப்ப நான் செஞ்சது சரிதானே?"
"ஓம் நானா" என்றேன்.
வாங்கிப் போனவர்களின் விபரம் கேட்டேன்.
சிட்டைப் புத்தகம் தேடி ஆறு பேர் சொன்னார்.
பம்பலப்பிட்டியில் ஒரு கிளினிக்,
தெஹிவளையில் ஒரு பள்ளிக்கூடம்.

ஒஸ்காருக்கும் இருந்திருக்குமா
என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்,
அதை யாரும் என்னிடம் கொண்டுவரவில்லை.